காரும் கார்காலமும்

தமிழில் ‘கார்’ என்னும் சொல்லுக்குக் கருமை என்று பொருள். மேகம் என்று பொருள். மழைக்காலம் என்றும் பொருள். முல்லைத் திணைக்குரிய பெரும்பொழுதாக நம் முன்னோர் வகுத்ததும் காரே. கடல் கடந்து வந்து நம் நாவில் ஒட்டிக்கொண்ட இன்னொரு ‘கார்’ நான்கு சக்கரங்களில் ஓடுவது. இவ்விரு கார்களும் ஒலியால் ஒன்றுபட்டனவே அன்றி உறவால் ஒன்றுபட்டன அல்ல. மும்பையில் வாழ்வோர் இதனை நன்கறிவர். இந்நகரில் ஒரு கார் மற்றொரு காரைத் தின்கிறது. சூன் மாதத்தில் தொடங்கும் மழை செப்டம்பர் வரை ஓய்வதில்லை; மழை ஓய்ந்த பின்னரும் கடற்காற்றின் உப்பு ஓய்வதில்லை. கதவின் அடிப்புறத்தில் நீர் வடிவதற்கென விடப்பட்ட சிறு துளைகளில் மண் அடைத்துக்கொண்டால் போதும். உள்ளே தேங்கிய நீர் இரண்டே பருவங்களில் இரும்பைச் சல்லடையாக்கிவிடும். கால் மிதியின் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், துரு தன் வேலையைப் பேசாமல் செய்துகொண்டிருக்கும்.

இத்தகைய ஊரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே காரை ஒரு குடும்பம் வைத்திருக்கிறது என்றால், அதனைக் கேட்போர் முகத்தில் முதலில் வியப்பும் அடுத்து இரக்கமும் தோன்றுவது இயல்பே. “இன்னுமா அதை விற்கவில்லை?” என்னும் கேள்வியை எங்கள் வீட்டார் கேட்காத ஆண்டில்லை. பழம்பொருள் சேர்ப்பது எங்கள் வழக்கமன்று. பழமை என்பதற்காகவே ஒன்றைப் போற்றுவதில் எங்களுக்கு நம்பிக்கையும் இல்லை. அந்தக் காரை வைத்துக்கொண்டிருப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. அதனைச் சொல்வதற்கு முன் காரைப் பற்றியும், அதனை வீட்டிலேயே பழுதுபார்க்கும் வழக்கம் எப்படி வந்தது என்பதைப் பற்றியும் சில சொல்ல வேண்டும்.

எங்கள் கார் பிரீமியர் பத்மினி. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் குர்லாவில் செய்த வண்டி. இத்தாலியின் ஃபியட் 1100 தான் இதன் மூலம். 1964இல் இங்கே ‘டிலைட்’ என்னும் பெயரோடு வந்து, 1970களில் ‘பிரசிடெண்ட்’ ஆகி, பிறகு ‘பத்மினி’ ஆயிற்று. சித்தூர் அரசியின் பெயரால் வந்தது என்பர். எங்கள் தாயாரோ அது நாட்டியப் பேரொளி பத்மினியின் பெயரே என்று உறுதியாக நம்பினார்; அந்த நம்பிக்கையை மாற்ற எங்களில் எவரும் துணிந்ததில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த எங்கள் தந்தையார், பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து 1981இல் இதனைப் பெற்றார். நாங்கள் குடியிருந்த செம்பூருக்கும் அது பிறந்த குர்லாவுக்கும் இடையே கூப்பிடு தொலைவுதான். ஆயினும் அது ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் தெற்கே ஓடி, மீண்டும் அவ்வளவு தொலைவு வடக்கே திரும்பியது. அதன் தொலைவு காட்டியில் ஐந்து இலக்கங்களே உண்டு. அவை மூன்று முறை முழுச் சுழியத்துக்குத் திரும்பியதை எங்கள் வீட்டார் கண்டிருக்கின்றனர்.

அதன் இயந்திரம் 1,089 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்டது. திறன் ஏறத்தாழ 40 குதிரை. இன்றைய வண்டிகளைப் போல மறைவான பெட்டிகளும் கணினிகளும் அதனுள் இல்லை. பானெட்டைத் திறந்தால் எல்லாம் வெளிப்படை. பெட்ரோல் வரும் வழி தெரியும். காற்று புகும் வழி தெரியும். தீப்பொறி பிறக்கும் இடம் தெரியும். பானெட்டின் உட்புறத்தில் எங்கள் தந்தையார் வெள்ளைப் பெயிண்டால் ‘1–3–4–2’ என்று எழுதி வைத்திருக்கிறார். நான்கு பிளக்குகளும் தீப்பொறி விடும் வரிசை அது. இருட்டில் வழியில் நின்றுவிட்டாலும் கம்பிகளை மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதியது.

வீட்டிலேயே பழுதுபார்க்கும் வழக்கம் சிக்கனத்தால் தொடங்கியதன்று, ஐயத்தால் தொடங்கியது. 1992இல் கார் திணறத் தொடங்கிற்று. ஏற்றத்தில் மூச்சு வாங்கிற்று. நகரில் பெயர் பெற்ற ஒரு பட்டறையில் காட்டியபோது, இயந்திரம் தேய்ந்துவிட்டது, சிலிண்டர்களைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட வேண்டும் என்று சொல்லி, எங்கள் தந்தையாரின் மூன்று மாதச் சம்பளத்தைக் கணக்காகக் கேட்டனர். திறந்து பார்க்காமலே சொன்ன தீர்ப்பு அது. அவர் காரை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டார். நண்பர் ஒருவரிடம் அமுக்கம் அளக்கும் கருவியை இரவல் வாங்கி வந்தார். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கருவியைப் பொருத்தி, இயந்திரத்தைச் சுழற்றிப் பார்த்தார். முதல் சிலிண்டரிலும் நான்காம் சிலிண்டரிலும் 120 பவுண்டு. நடுவிலுள்ள இரண்டிலும் 60 மட்டுமே. பிறகு அந்த இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தார். அளவு ஏறவில்லை.

இதன் பொருள் யாது? தேய்ந்தது பிஸ்டன் வளையமாயின், ஊற்றிய எண்ணெய் இடைவெளியைச் சிறிது நேரம் அடைத்து அமுக்கத்தை உயர்த்தியிருக்கும். உயரவில்லை. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சிலிண்டர்கள் மட்டும் ஒரே அளவில் குறைந்திருக்கின்றன. எனவே அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி திறந்திருக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றியதும் அது தெரிந்தது. இடையில் இருந்த காஸ்கெட் இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவில் விரற்கடை அகலம் கருகிப் போயிருந்தது. ஹெட் அலுமினியத்தால் ஆனது. சூடு மிகுந்தால் வளையும். ஆகவே நேர்ச்சட்டம் வைத்து வளைவு உண்டா என்று பார்த்து, புதுக் காஸ்கெட் வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சிறிது சிறிதாக, மும்முறை சுற்றி வந்து முடுக்கினார். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை மீண்டும் முடுக்கினார். அந்த இயந்திரம் கடைசல் காணாமல் அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓடிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீளக் கணக்கு நோட்டு ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழி. கீழே ஐந்து கட்டங்கள்: நாள், கிலோமீட்டர், வேலை, செலவு, காரணம். முதல் நான்கையும் எவரும் எழுதுவர். ஐந்தாவது கட்டம்தான் எங்கள் தந்தையாரின் சொந்தப் படைப்பு. ஒரு பொருளை மாற்றினால் போதாது. ஏன் மாற்ற நேர்ந்தது என்று எழுத வேண்டும். ‘கெட்டுவிட்டது’ என்று எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டார். ஃபேன் பெல்ட் அறுந்ததா? ஏன் அறுந்தது? முதுமையாலா, முடுக்கம் மிகுந்ததாலா, எண்ணெய் பட்டதாலா? காரணம் தெரியாமல் மாற்றிய பொருள் மீண்டும் கெடும் என்பது அவர் கொள்கை. பழைய காரைக் காப்பாற்றும் வித்தை முழுவதும் அந்த ஐந்தாவது கட்டத்தில் அடங்கியிருக்கிறது என்று இன்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அந்த நோட்டில் பிரேக்குக்கு மட்டும் தனிப் பக்கங்கள் உண்டு. ஓடாத கார் ஒருவரையும் கொல்லாது, நில்லாத காரே கொல்லும் என்று அவர் அடிக்கடி சொல்வார். எங்கள் காரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். எண்ணெயின் அழுத்தம் ஒரே குழாய் வழியாகவே நான்குக்கும் பிரிந்து செல்லும். எங்கேனும் ஓரிடத்தில் ரப்பர் கப் கிழிந்தால் நான்கு பிரேக்கும் ஒருங்கே போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஈரம் ஏறிய ஆயில் மலைச்சரிவின் சூட்டில் கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் வெறுங்காற்றை மிதித்தது போல் தரைவரை போய்விடும். எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றிப் புதியதை நிரப்புவது எங்கள் வீட்டு வழக்கம்.

அந்த வேலை ஒருவரால் ஆகாது. தாயார் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பெடலை மிதிப்பார். தந்தையார் சக்கரத்தின் அருகே தரையில் படுத்து, காற்று போக்கும் சிறு நிப்பிளைத் திறந்தும் மூடியும் குமிழிகளைப் பார்ப்பார். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, அருகிலுள்ள சக்கரத்தில் முடிக்க வேண்டும். “அழுத்து… பிடி… விடு” என்னும் மூன்றே சொற்கள் ஒரு காலைப்பொழுது முழுவதும் எங்கள் கட்டடத்தின் முற்றத்தில் ஒலிக்கும். “இன்னும் குமிழி வருதாங்க?” என்று தாயார் கேட்பார். மராத்தியும் குஜராத்தியும் பேசும் அண்டை வீட்டுச் சிறுவர்கள் அந்த மூன்று சொற்களையும் கற்றுக்கொண்டு, நாங்கள் படியிறங்கும்போதெல்லாம் சொல்லிச் சிரித்ததுண்டு.

1995ஆம் ஆண்டு மே மாதம். ஊரில் எங்கள் அத்தை மகளின் திருமணம். விடியற்காலையில் புறப்பட வேண்டும்; முன்னிரவில் பெடல் சற்று மென்மையாக இருப்பதாகத் தந்தையாருக்குப் பட்டது. பார்க்க வந்த மெக்கானிக் ஆயிலை நிரப்பிவிட்டு, ஊர் போய்ச் சேரும், பாதகமில்லை என்றார். தந்தையார் கேட்கவில்லை. நான்கு டிரம்களையும் திறந்தார். பின் வலச் சக்கரத்தில் கப்பின் உதடு கிழிந்து, ஆயில் கசிந்து, பிரேக் ஷூ நனைந்திருந்தது. உரிய அளவுள்ள கப் கிட்டாமல் இரண்டு நாள் கழிந்தன. விடுமுறைக் கூட்டத்தில் இரயிலிலும் இடமில்லை. முகூர்த்தம் தவறிவிட்டது. ‘காரைக் காரணம் காட்டி வராமல் இருந்துவிட்டான்’ என்று அத்தை ஓராண்டுக் காலம் எங்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதவில்லை. தந்தையாரும் விளக்கம் எழுதவில்லை. நோட்டின் ஐந்தாவது கட்டத்தில் மட்டும், கப் கிழிந்த காரணத்தை எழுதியபின், ‘முகூர்த்தமும் திரும்ப வராது, உயிரும் திரும்ப வராது’ என்று ஒரு வரி இருக்கிறது. கண்டாலா மலைச்சரிவில் இன்றும் நாங்கள் இறங்கும்போது அந்த வரி நினைவுக்கு வருகிறது.

காருக்கு வந்த பெருஞ்சோதனை 2005 சூலை 26. அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. எங்கள் முற்றத்தில் நீர் காரின் இருக்கையைத் தொட்டு நின்றது. நீர் வடிந்ததும் தந்தையார் முதலில் செய்தது சாவியைத் தம் இடுப்பில் முடிந்துகொண்டதே. ஆர்வத்தால் எவரேனும் இயந்திரத்தைச் சுழற்றிவிடக் கூடாது. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் இருக்க இயந்திரம் சுழன்றால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். பேட்டரியின் இணைப்பைப் பிரித்தார். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, நாலாவது கியரில் வண்டியைக் கையால் தள்ளச் செய்தார். துளைகள் வழியே நீர் பீய்ச்சி அடித்தது. அளவுகோலில் எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தது. இயந்திரம், கியர் பெட்டி, பின் அச்சு மூன்றிலும் எண்ணெயை வடித்து, புது எண்ணெய் விட்டு, அதையும் ஒருமுறை வடித்து மறுமுறை நிரப்பினோம். பிரேக் டிரம்களில் சேறு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைச் சமையலறை அடுப்பருகே வைத்துத் தாயார் உலர்த்தினார். பத்தாம் நாள் அது உயிர் பெற்றது. சைலன்சரிலிருந்து முதலில் நீராவியும் பிறகு புகையும் வந்தபோது முற்றத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய காரால் வரும் தீமையும் உண்டு. அதில் புகையைத் தூய்மை செய்யும் கருவி இல்லை. புது வண்டி விடும் நச்சினும் அது விடும் நச்சு மிகுதி. இவ்வகைப் பழைய கார்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் கார்பன் மோனாக்சைடு அளவு 3 விழுக்காடு. கார்ப்யூரேட்டரின் திருகைப் பொறுமையோடு திருத்தி அதற்கு வெகுவாகக் கீழே வைத்திருக்கிறோம். ஆயினும் நாள்தோறும் அதனை ஓட்டுவதில்லை. பெட்ரோலும் மாறிவிட்டது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் நீக்கிய பெட்ரோலே விற்பனைக்கு வந்தது. ஈயத்தின் காப்பை இழந்த வால்வு இருக்கைகளுக்குக் கடினமான வளையம் பொருத்த நேர்ந்தது. 2025இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் பழைய ரப்பரை ஊறச் செய்யும், நீரை ஈர்க்கும். எனவே பெட்ரோல் பம்பின் சவ்வையும் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினோம். தொட்டியில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்க விடுவதில்லை. உதிரிப் பொருள்களுக்குக் குர்லாவின் சி.எஸ்.டி. சாலையில் அலைகிறோம். 2023 அக்டோபர் இறுதியில் மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 20 ஆண்டு வயது வரம்பு முடிந்து ஓய்ந்தது. அவற்றை நம்பி இருந்த சிறு கடைகள் ஒவ்வொன்றாக வேறு தொழிலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

அப்படியாயின் ஏன் வைத்திருக்கிறோம்? விடை அந்த நோட்டில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கின்றனர், இந்தியில் விளையாடுகின்றனர், மராத்தியில் தேர்வு எழுதுகின்றனர். தமிழ் அவர்களுக்குக் காதில் மட்டும் உள்ள மொழி. வீட்டில் அவர்கள் தமிழில் எழுத வேண்டிய தேவையுள்ள ஒரே இடம் அந்தக் கணக்கு நோட்டுதான். ஸ்பானரைத் தெருவில் ‘பானா’ என்று சொல்லலாம். நோட்டில் காரணத்தைத் தமிழில் எழுதியாக வேண்டும் என்பது தாத்தாவின் சட்டம். 2008இல் எட்டு வயதுப் பேத்தி முதன்முதலாக எழுதிய வரி இது: ‘இன்று காரின் என்னை மாற்றினோம்.’ எண்ணெய், ‘என்னை’ ஆகிவிட்டது. வீடே சிரித்தது. தந்தையார் சிரிக்கவில்லை. அதனை அடிக்கவும் இல்லை. கீழே தம் கையால் ‘எண்ணெய்’ என்று ஒருமுறை எழுதி, காரணக் கட்டத்தைக் காட்டி, “ஏன் மாத்தினோம்னு எழுதலையே தாயி?” என்று மட்டும் கேட்டார். அவள் நெடுநேரம் யோசித்து, ‘கறுப்பாகி விட்டது, கையில் தேய்த்தால் மணல் போல் இருந்தது’ என்று எழுதினாள். அதில் ஒரு பிழையும் இல்லை.

2014இல் அவர் மறைந்தார். அதன் பின் நோட்டில் கையெழுத்துகள் மாறியிருக்கின்றன, கட்டங்கள் மாறவில்லை. காரை எப்போது நிறுத்துவது என்பதையும் கடைசிப் பக்கத்தில் எல்லோருமாகக் கூடி எழுதி வைத்திருக்கிறோம். அடிச்சட்டத்தின் தாங்கும் பகுதியைத் துரு தின்றுவிட்டால் நிறுத்திவிடுவோம். நம்பத்தக்க பிரேக் உறுப்புகள் கிடைக்காமற் போனால் நிறுத்திவிடுவோம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் பதிவுப் புதுப்பிப்பில் தகுதியில்லை என்று ஆய்வாளர் நேர்மையாகச் சொன்னாலும் நிறுத்திவிடுவோம். பாசத்தின் பெயரால் இம்மூன்றில் ஒன்றையும் தளர்த்துவதில்லை. அந்நாள் வரும்போது கார் போகும், நோட்டு போகாது. அடுத்து வாங்கும் வண்டிக்கும் அதே நோட்டில் புதுப் பக்கம் தொடங்கும்.

இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் இல்லங்களில் பழைய காரோ, ஸ்கூட்டரோ, தையல் எந்திரமோ, தண்ணீர் பம்போ ஏதேனும் ஒன்று இருக்கும். அதன் அருகே ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் கட்டித் தொங்கவிடுமாறு வேண்டிக்கொள்கிறோம். காருக்கு அடியில் செல்வோர் ஜாக்கை மட்டும் நம்பிச் செல்லலாகாது. உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே தலையை உள்ளே நீட்ட வேண்டும். செய்த வேலையை அன்றே எழுத வேண்டும். மறுநாள் எழுதுவது மறதியின் கணக்கு. எழுதுவதைத் தமிழில் எழுதுக. கிலோமீட்டரைப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். ஐந்தாவது கட்டத்தை அவர்களிடமே விட்டுவிடுக.